பனிச்சந்தீவுக்கு வந்த படக்காரர்

ஏறாவூர் ஸ்டேசனில் இறங்கிய மனிதரின் முகத்தைக் கண்டதும் மீன் கூடையோடு நின்ற முகைதீன்பாவா ஓரடி பின்னால் நகர்ந்தார். இடுங்கிய கண்கள், உயர்ந்த கன்ன எலும்பு, தாடி சரியாக முளைக்காத வெளிறிய முகம். வண்டியிலிருந்து இரண்டு மரப்பெட்டிகளையும், சாக்குத்துணியில் சுற்றிய மூன்று நீளக் கால்களையும் அவர் தன் கையாலேயே இறக்கினார். கூலிக்கு நின்றவர்கள் ஓடிவந்தபோது பெட்டிகளைத் தொட விடவில்லை.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு மார்ச் மாதம். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்து மூன்று கிழமை ஆகியிருந்தது. முகைதீன்பாவாவின் தம்பி ஹலீம் பினாங்கில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றான். அவனுடைய கடைசிக் கடிதம் நவம்பரில் வந்தது. அவன் மனைவி றஸீனா முகைதீன்பாவாவின் வீட்டில்தான் இருந்தாள். தபால்காரன் வரும் நேரம் வேலியடியில் போய் நிற்பாள். அவன் தாண்டிப் போனதும் குசினிக்குள் திரும்பிவிடுவாள். அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஜப்பான் என்ற சொல்லையே கேட்க ஏலாது.

வந்தவர் நேரே அவரிடம்தான் வந்தார். ஸலாம் சொன்னார். தன் பெயர் துவான் ஜல்தீன் என்றும், ஊர் கண்டி என்றும், அங்கே ஒரு படக்கடையில் கல்யாணப் படம் எடுக்கும் வேலை என்றும் சொன்னார். பத்து வருடத்துக்குப் பிறகு லீவு கிடைத்திருக்கிறதாம். மூன்று கிழமை வாவிக்கு நடுவில் இருந்த பனிச்சந்தீவில் தங்கிக் குருவிகளைப் படம் பிடிக்க வேண்டுமாம். தோணியும் ஆளும் தேவை.

கண்டிப் பக்கம் மலாய் வம்சத்து ஜாவா ஆட்கள் இருக்கிறார்கள் என்று முகைதீன்பாவா கேள்விப்பட்டிருக்கிறார். கண்ணால் கண்டதில்லை. உலகமெல்லாம் குண்டு விழுகிற நேரத்தில் ஒரு மனிதன் கொக்கையும் நாரையையும் பார்க்க ரயிலேறி வருவானா என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் போனார்.

பனிச்சந்தீவு விதானையார் கனகசிங்கத்தின் பிரிவில் இருந்தது. அவர் தன்னாமுனையில் இருந்தார். புதிதாக வருகிற ஆட்களைக் கவனிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அவருக்குக் கடுதாசி வந்திருந்தது. முகைதீன்பாவா சொன்னதை எல்லாம் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"நீயே போ முகைதீன்," என்றார் கடைசியில். "நீ போகாட்டி வேற ஆரும் போவான். அவன் எனக்கு ஒண்டும் சொல்லமாட்டான்."

அப்படித்தான் முகைதீன்பாவா படகுக்காரராகவும் உளவுக்காரராகவும் ஒரே நாளில் ஆனார்.

தீவு பெரிதில்லை. நடுவில் நாலைந்து பனிச்சை மரம், சுற்றிக் கண்டல் மரக்காடு, மேட்டில் மாட்டுக்காரர் போட்டுவிட்டுப் போன ஒரு குடிசை. ஜல்தீன் வந்த அன்றே கண்டலுக்குள் புகுந்து, செந்நாரைகள் கூடு கட்டியிருந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். கூட்டுக்கு எதிரே, இருபது முழம் தள்ளி, தென்னங்கிடுகாலும் தழையாலும் ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய கொட்டில் ஒன்று கட்டினார். கொட்டிலுக்கு வாசல் பின்பக்கம். முன்பக்கம் ஒரு சிறு ஓட்டை மட்டும். அந்த ஓட்டைக்குப் பின்னால் மூன்று கால்மேல் பெட்டியை நிறுத்திக் கறுப்புத் துணியால் மூடினார்.

"நான் கூப்பிடாம இந்தப் பக்கம் வராதீங்க பாவா," என்று அவர் சொன்னபோது, முகைதீன்பாவா தலையை ஆட்டினார். அந்த ஓட்டை நாரைக் கூட்டைப் பார்க்கிறதா, அதற்கப்பால் வாவி கடந்து தெரியும் தெருவைப் பார்க்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே நேர்கோட்டில்தான் இருந்தன. அந்தத் தெருவால் இப்போது பட்டாள லொறிகள் போகத் தொடங்கியிருந்தன.

விடிய முன்னம் கொட்டிலுக்குள் போகிறவர் வெயில் உச்சிக்கு வரும்போதுதான் வெளியே வருவார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கையில் ஒரு கொப்பி. சோற்றைத் தின்றபடியே அதைப் புரட்டுவார். சில வேளை தனக்குள்ளே சிரித்து, என்னவோ பாஷையில் இரண்டு வார்த்தை சொல்லுவார். தமிழில்லை, சிங்களமில்லை, இங்கிலீசும் இல்லை. முகைதீன்பாவா மீனைத் திருப்பிப் போட்டபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

தொழுகை நேரத்தில்தான் அவருக்கு மனம் குழம்பும். இருவரும் வாவித் தண்ணீரில் முகம் கைகால் கழுவி உளூச் செய்து, குடிசைக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தொழுவார்கள். ஜல்தீன் ஓதுவது பிழையில்லாத ஓதல். குரலும் இனிமை. இப்படி ஓதுகிறவனையா சந்தேகிக்கிறோம் என்று நினைப்பார். உளவுக்கு வருகிறவன் ஓதப் படிக்காமலா வருவான் என்று உடனே அடுத்த நினைப்பு வரும். ஸலாம் கொடுத்து இடப்பக்கம் திரும்பும்போது அந்த இடுங்கிய கண்கள் தெரியும்; ஹலீமின் நினைவு வரும். பாயைச் சுருட்டிவிட்டு எழும்பிவிடுவார்.

ஆறாம் நாள், ஜல்தீன் குளிக்கப் போன நேரத்தில் கொப்பியை எடுத்துப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் தெரியும். பக்கம் முழுக்க இலக்கம்தான். ஆறு பத்து, ஆறு இருபத்தைந்து, ஆறு ஐம்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு இங்கிலீசு எழுத்து. ஒன்று மலை மாதிரி இரண்டு கூர், மற்றது வெட்டிய கொப்பு மாதிரி. அன்று காலையில்தான் திருக்கோணமலைப் பக்கமிருந்து இரண்டு பிளேன் தாழப் பறந்து போயிருந்தது.

அந்த இரண்டு எழுத்தையும் மணலில் எழுதி எழுதி மனதில் ஏற்றிக்கொண்டு, அரிசி வாங்கும் சாட்டில் அக்கரைக்குப் போனார். விதானையாரின் முற்றத்தில் குச்சியால் கீறிக் காட்டினார். விதானையார் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எம். இது எஃப்," என்றார். "எம் எண்டா மிலிட்டரி. எஃப் எண்டா ஃபிளைட்டு. லொறி போற நேரமும் பிளேன் போற நேரமும் எழுதுறான் படுபாவி."

தான் நினைத்தது சரிதான் என்பதில் முகைதீன்பாவாவுக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை. மட்டக்களப்புப் பொலிசுக்கு ஆள் அனுப்புவதாகவும், அதுவரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கும்படியும் விதானையார் சொல்லி அனுப்பினார்.

முகத்தில் காட்டாமல் இருப்பது எளிதாக இருக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கமும் ஒரு சந்தேகம் முளைத்திருந்தது. தீவின் மறு கரையில் இருந்த ஒரு கூட்டில் மூன்று முட்டை குறைந்திருந்தது. ஜல்தீன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். முட்டையை எடுத்தது முகைதீன்பாவாதான். மீன் படாத ஒரு காலையில் பசிக்குப் பொரித்துத் தின்றிருந்தார். ஆனால் ஜல்தீன் கேட்டபோது, நீருடும்பு ஏறியிருக்கும் என்று கூசாமல் சொன்னார்.

ஜல்தீன் அடுப்புச் சாம்பலை ஒரு கணம் பார்த்தார். நீல முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று அதில் கிடந்தது.

அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கண்காணித்தார்கள். கொட்டிலுக்குள் இருப்பவர் ஓட்டையால் நாரையைப் பார்க்கிறாரா, தன்னைப் பார்க்கிறாரா என்று முகைதீன்பாவாவுக்குத் தெரியவில்லை. தான் வலை பின்னுகிற இடத்தை மாற்றினால் ஜல்தீனின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். பெட்டிக் கொளுக்கியில் ஒரு கறுப்பு நூல் கட்டப்பட்டிருப்பதை முகைதீன்பாவா கண்டார். யாராவது திறந்தால் நூல் அறும். முட்டை திருடியவனின் கைக்குப் பயந்து கட்டிய நூல் அது. அவருக்கோ அது உள்ளே இருப்பதன் அடையாளமாகப் பட்டது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் நூல் கட்டுவானா?

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கரைப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போவோமா என்று முகைதீன்பாவா கேட்டார். தான் பிரயாணி, தனக்குக் கடமையில்லை, குஞ்சு பொரிக்கிற நாள், கூட்டை விட்டு வர ஏலாது என்றார் ஜல்தீன். பள்ளிக்கு வராததற்கு இப்படி ஒரு நியாயமா என்று நினைத்துக்கொண்டு முகைதீன்பாவா தோணியைத் தள்ளினார். ஆனால் அக்கரைக்குப் போகவில்லை. தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்டலின் மறுபக்கம் தோணியைச் செருகிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து குடிசைக்கு வந்தார்.

நூலை அறுக்காமல் நகத்தால் முடிச்சை அவிழ்த்தார். பெட்டிக்குள் கறுப்புக் கடுதாசியில் சுற்றிய சின்னச் சின்னப் பொதிகள், இருபத்திநாலு. ஒன்றைப் பிரித்தார். கண்ணாடித் தட்டு. ஒரு பக்கம் பால் பூசினது போல இருந்தது. வரைபடம் ஏதும் இருக்கும் என்று வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஒன்றும் இல்லை. அடுத்ததைப் பிரித்தார். அதிலும் ஒன்றும் இல்லை. இருபத்திநாலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, வெயிலுக்குக் காட்டி, திரும்பவும் அதே மடிப்பில் சுற்றி வைத்தார். நூலைப் பழையபடி கட்டினார்.

பதினைந்து நாள் படம் பிடித்தவனிடம் ஒரு படமும் இல்லை. குருவி என்பது வெறும் சாட்டு. தோணிக்கு நடந்து போகும்போது அவருக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை விதானையாரும் ஒரு பொலிஸ் சார்ஜனும் தீவுக்கு வந்தார்கள். சார்ஜன் பருத்த மனிதர், அவசரப்படாதவர். ஜல்தீனைக் கொட்டிலிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார். ஜல்தீன் கண்டிப் பொலிசில் வாங்கிய கடிதத்தைக் காட்டினார். அது கண்டிக்குத்தான் செல்லும், கடற்கரைக்குச் செல்லாது என்றார் சார்ஜன். கொப்பியைக் கேட்டார்.

"இதில எம், எஃப் எண்டு எழுதியிருக்கு. என்ன அது?"

"ஆண், பெண்," என்றார் ஜல்தீன். "எந்தப் பறவை எத்தனை மணிக்குக் கூட்டுக்கு வருது எண்டு எழுதுறன்."

விதானையார் பலமாகச் சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை. ஜல்தீன் தானே வழி சொன்னார். மருந்தெல்லாம் கையில் இருக்கிறது. இருட்டறை ஒன்று தந்தால் தட்டுகளைக் கழுவிக் காட்டுவார். எதைப் படம் பிடித்தேன் என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் பயம் இல்லை, ஒரு பெருமைதான் இருந்தது. முகைதீன்பாவாவுக்கு அது வினோதமாகப் பட்டது. அந்தத் தட்டுகளில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியுமே.

விதானையார் வீட்டு நெல் அறைக்கு ஜன்னல் இல்லை. கதவு இடுக்குகளைச் சாக்கால் அடைத்தார்கள். உள்ளே சிவப்புச் சிம்னி விளக்கு ஒன்று மட்டும். ஜல்தீன் மூன்று பீங்கான் தட்டில் மருந்து ஊற்றினார். விதானையாரும் சார்ஜனும் ஒரு பக்கம், பெட்டியைத் தூக்கி வந்த முகைதீன்பாவா கதவடியில்.

முதல் கண்ணாடியை மருந்தில் இட்டார். "இப்ப தாய் வருவா, பாருங்க. செட்டையை விரிச்சுக்கொண்டு," என்றார் மெல்ல.

தாய் வரவில்லை. கண்ணாடி முழுக்க ஒரேயடியாகக் கறுத்துப்போனது. அவர் அடுத்ததை இட்டார். அதுவும் கறுத்தது. மூன்றாவதும் அப்படித்தான். எட்டு வரைக்கும் போனார். பிறகு கையை மருந்துக்குள் இருந்து எடுக்காமலே நின்றார்.

"வெளிச்சம் பட்டிருக்கு," என்றார். "ஆரோ எல்லாத்தையும் வெயில்ல பிரிச்சிருக்காங்க."

அப்போதுதான் முகைதீன்பாவாவுக்கு விளங்கியது. படம் அந்தப் பால் பூச்சுக்குள் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல், இருட்டில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. வாசலில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தபோது அவர்தான் அதைக் கொன்றார்.

சார்ஜனுக்கு வேறு விதமாக விளங்கியது. "நாங்க வாறம் எண்டு தெரிஞ்சு நீயே அழிச்சிருக்கிறாய்," என்றார். கையோடு மட்டக்களப்புக்குக் கொண்டுபோகப் போவதாகவும், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னார். ஜல்தீன் எட்டுக் கறுப்புக் கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

முகைதீன்பாவா வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். விதானையாருக்குப் பெயர் வந்திருக்கும், அவருக்கும் ஊரில் மதிப்பு வந்திருக்கும். ஆனால் அந்த அடுக்குகிற கையைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

"நான்தான் பெட்டியத் துறந்தன்," என்றார். "வெள்ளிக்கிழமை. வரைபடம் இருக்குமெண்டு நினைச்சன். வெயில் படக்கூடா எண்டு எனக்குத் தெரியா."

விதானையாரின் குரல் மாறியது. இதை ஏன் தனக்கு முதலில் சொல்லவில்லை என்று கேட்டார். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார் சார்ஜன். இரண்டு பேரும் கூட்டு என்றார் விதானையார். தம்பி ஒருத்தன் பினாங்கில் இருக்கிறான், அங்கே இப்போது ஜப்பான்காரன்தானே என்றும் சேர்த்தார். தன் வீட்டுத் துக்கம் இந்த மாதிரித் திரும்பி வந்து தன்மேல் விழும் என்று முகைதீன்பாவா நினைத்ததே இல்லை.

கடைசியில் ஜல்தீன்தான் பேசினார். கொப்பியில் எழுதியிருப்பது சரியா பிழையா என்று கூட்டடிக்கு வந்து பாருங்கள், நாரை யாருக்காகவும் பொய் சொல்லாது என்றார்.

அன்று பிற்பகல் சார்ஜன் அந்தக் கொட்டிலுக்குள் குந்தினார். பாதி முதுகு வெளியே இருந்தது. ஒரு கையில் கொப்பி, மறுகையில் மணிக்கூடு. விதானையார் நிழலில் நின்றார். கொட்டிலுக்குப் பக்கத்தில் தழைக்குள் பெட்டியை நிறுத்தி, முகைதீன்பாவாவை ஜல்தீன் கறுப்புத் துணிக்குள் வரச் சொன்னார். முகத்தில் ஒன்றும் காட்டாமல்தான் சொன்னார்.

துணிக்குள் இருட்டு. எதிரே ஒரு மங்கல் கண்ணாடியில் கூடு தெரிந்தது, தலைகீழாக. ஆகாயம் கீழே, கண்டல் மேலே. கூட்டில் மூன்று குஞ்சு, வாயைப் பிளந்தபடி. ஒரு நிழல் வந்து இறங்கியது. கழுத்து பாம்பு மாதிரி வளைந்து நெளிந்தது. பெரிய குஞ்சு தாயின் அலகைக் கவ்வி இழுத்தது. மீன் ஒன்று தொண்டையிலிருந்து வெளியே வந்தது. முகைதீன்பாவா நாற்பத்தைந்து வருடமாக இந்த வாவியில் திரிகிறார். நாரை குஞ்சுக்கு இரை கொடுப்பதை ஒரு நாளும் கண்டதில்லை.

"கொண்டைச் சிறகு முறிஞ்சது பெண்," என்றார் ஜல்தீன், யாருக்கென்றில்லாமல்.

பெண் போனது; ஆண் வந்தது. கொப்பியில் முந்தின நாட்களில் இருந்த இடைவெளிக்கு ஐந்து நிமிடம் அப்படி இப்படி. மூன்றாம் முறையும் அப்படியே நடந்தபோது சார்ஜன் கொப்பியை மூடி, கால் மரத்துப்போனதாகச் சொல்லிக்கொண்டு எழும்பினார். ஆளைக் கொண்டுபோகவில்லை. ஆனால் கமராவைச் சீல் வைத்தார். அடுத்த ரயிலுக்குக் கரையோரத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்.

அடுத்த நாள் முகைதீன்பாவாதான் அவரை ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார். தோணி கரை தட்டுகிற நேரம் முகைதீன்பாவா சவள் துடுப்பை நிறுத்தினார்.

"முட்டையும் நான்தான் எடுத்தன் காக்கா," என்றார், அண்ணனைக் கூப்பிடுகிற முறையில்.

"தெரியும்," என்றார் ஜல்தீன். இறங்கிப் பெட்டிகளை எடுத்தார். இந்த முறை ஒரு பெட்டியைத் தூக்கவிட்டார். வண்டி வந்தபோது, மூன்று குஞ்சும் பறந்தால் ஒரு தபாலட்டை போடும்படி சொல்லி, விலாசம் எழுதிய ஒரு துண்டைக் கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முகைதீன்பாவாவும் கேட்கவில்லை.

ஏப்ரலில் திருக்கோணமலையில் குண்டு விழுந்தது. மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஒரு பெரிய கப்பலே மூழ்கியது. ஊர் கலைந்தது. முகைதீன்பாவா பெண்டுபிள்ளைகளை ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தான் மட்டும் திரும்பி வந்து, விடியற்காலையில் தோணியைத் தள்ளிக்கொண்டு பனிச்சந்தீவுக்குப் போனார். கிடுகுக் கொட்டிலுக்குள் குந்தியிருந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

ஊர் அதைக் கவனித்தது. சண்டை நேரத்தில் ஒரு மனிதன் தினமும் தனியே தீவுக்குப் போகிறான், வெறுங்கையோடு திரும்புகிறான். தேத்தண்ணிக் கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. விதானையார் எதிரே வந்தால் சைக்கிளை மெதுவாக்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். முகைதீன்பாவாவின் மனைவி றபீக்கா திரும்பி வந்தபின் ஒருநாள் நேராகவே கேட்டாள், அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று. நாரைக் குஞ்சு என்றார். அவள் நம்பினமாதிரித் தெரியவில்லை.

மே மாத நடுவில் மூன்றும் பறந்தன. பெரியது முதலில், கடைசிக் குஞ்சு இரண்டு நாள் கொப்பில் நின்று யோசித்து யோசித்துப் பிறகு தாவியது. முகைதீன்பாவா தபாற்கந்தோருக்குப் போய் அட்டை வாங்கினார். எழுதித் தரச் சொல்லித் தபால் மாஸ்டர் நல்லரத்தினத்திடமே கேட்டார். "மூன்றும் பறந்துவிட்டன" என்பதுதான் செய்தி.

தபால் மாஸ்டர் பேனையைக் கீழே வைத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வசனத்தைத் தன் கையால் எழுத மாட்டேன் என்றார். எது மூன்று, எங்கே பறந்தது என்று மேலே இருப்பவர்கள் கேட்டால் என்ன சொல்வது? செந்நாரைக் குஞ்சு என்று சேர்த்து எழுதச் சொன்னார் முகைதீன்பாவா. அது இன்னும் மோசம், இரகசியப் பாஷை மாதிரி இருக்கிறது என்றார் நல்லரத்தினம். இருவரும் அரை மணி நேரம் தர்க்கித்தார்கள். கடைசியில் முகைதீன்பாவா தன் பெயர், வாப்பா பெயர், வளவின் பெயர் எல்லாவற்றையும் அட்டையில் எழுதச் சொன்னார். பிடிக்க வருகிறவன் நேரே வீட்டுக்கு வரட்டும் என்றார்.

யாரும் பிடிக்க வரவில்லை. ஜூன் மாதம் பதில் வந்தது. உறையை வழியிலேயே யாரோ திறந்து பார்த்து, ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தபால் மாஸ்டர் அதைக் கொடுக்காமல் தானே வாசித்துக் காட்டினார். ஸலாம். சந்தோஷம். அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொன்றும் எந்தத் திகதி, எத்தனை மணிக்குப் பறந்தது?

நல்லரத்தினம் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். பின்னால் முத்திரை வாங்க நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"எழுதுங்க மாஸ்டர்," என்றார் முகைதீன்பாவா, வாங்குப் பலகையில் இருந்துகொண்டு. "பெரிசு வெள்ளிக்கிழமை, சுபஹுத் தொழுது ஒள்ளுப்ப நேரத்தில, வெயில் ஏற முன்னம்."